லீவர் இறங்குகிறது, டிஸ்க் கத்துகிறது: மலை சைக்கிளின் ஹைட்ராலிக் பிரேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம் தூரம். அதற்குள் உயரம் 1,400 மீட்டருக்கும் மேல் குறைந்துவிடுகிறது. அந்த இறக்கத்தில் பிரேக் மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் தேயிலையும் கண்ணில் படாது, பனியும் கண்ணில் படாது. விரல் நுனியில் இருக்கும் லீவர் மட்டுமே மனத்தில் நிற்கும். பழுதோடு வருகிறவர்களில் பலர் "ஏர் எடுத்துக் கொடுங்கள் அண்ணா" என்று, அதாவது பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றச் சொல்லி, முடிவையும் சேர்த்தே கொண்டு வருகிறார்கள். பல நேரம் எண்ணெயைத் தொடவே வேண்டியிருப்பதில்லை. சக்கரம், அதோடு சுழலும் உலோகத் தட்டான டிஸ்க், அதை உரசி நிறுத்தும் பேட், பேடுகளைத் தாங்கும் காலிப்பர் ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான் எண்ணெய்ப் பக்கம் போக வேண்டும். இந்தப் பக்கத்தை அந்த வரிசையை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

லீவரை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது?

லீவருக்குள் ஒரு சிறிய பிஸ்டன் இருக்கிறது. அது எண்ணெயைத் தள்ளுகிறது. ஹோஸ் என்ற மெல்லிய குழாய் வழியாக அந்த அழுத்தம் காலிப்பருக்குப் போய், அங்குள்ள பெரிய பிஸ்டன்களைத் தள்ளுகிறது. அவை பேடுகளை டிஸ்க்கின் மேல் இருபுறமும் அழுத்துகின்றன. லீவர் பக்கப் பிஸ்டனின் விட்டம் 10 மி.மீ., காலிப்பர் பக்கம் 22 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. விசையும் அதே அளவு பெருகும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதியேதான்.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணெய் நகரும் அளவு. ஒவ்வொரு பிஸ்டனும் 0.3 மி.மீ. நகர்ந்தாலே பேட் டிஸ்க்கைத் தொட்டுவிடும். இரண்டு பிஸ்டனுக்கும் சேர்த்து ஏறத்தாழ கால் மில்லிலிட்டர், அதாவது நான்கைந்து துளி. அதனால்தான் ஹோஸுக்குள் கடுகளவு காற்று புகுந்தாலும் விரலில் தெரிகிறது. நாம் தள்ளும் துளிகளில் ஒரு பங்கு, காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

விரலை எடுத்ததும் காலிப்பர் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர விளிம்பு ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. அழுத்தும்போது அது சற்று முறுக்கிக்கொள்கிறது, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் சீலைத் தாண்டிச் சறுக்கிப் புது இடத்தில் நின்றுகொள்கிறது. பின்னால் சொல்லப்போகும் பழுதுகளில் பாதி இந்தச் சிறிய ரப்பர் வளையத்தோடு சம்பந்தப்பட்டவை.

லீவர் பஞ்சுபோல் அமுங்குகிறது. காற்றுதானே காரணம்?

இருக்கலாம். ஆனால் லீவர் எப்படி அமுங்குகிறது என்று விரலால் கேட்டுப் பாருங்கள். நாலைந்து முறை வேகமாக அழுத்தினால் லீவர் இறுகி, சற்று நேரத்தில் மறுபடி தளர்ந்தால் காற்று. நீண்ட தூரம் போய், கடைசியில் கல்போல் நின்றால் பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது பிஸ்டன்கள் அளவுக்கு மேல் பின்வாங்கியிருக்கின்றன. ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும்போது லீவர் மெதுவாகக் கைப்பிடியை நோக்கி இறங்கினால் எங்கோ சீல் கசிகிறது. லீவர் இறுக்கமாகவே இருந்தும் சைக்கிள் நிற்கவில்லை என்றால் பேடில் எண்ணெய் பட்டிருக்கிறது. அதற்கு எத்தனை முறை காற்று எடுத்தாலும் பலன் இல்லை.

இன்னொரு காரணத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். காலிப்பர் கோணலாக நின்றால், லீவரை அழுத்தும்போது பேடுகள் டிஸ்க்கை வளைத்துக்கொண்டு போகும். அந்த வளைவு கைக்குப் பஞ்சாகவே தெரியும். பின்னாலிருந்து காலிப்பர் இடுக்கில் பார்த்தபடி லீவரை மெல்ல அழுத்துங்கள். டிஸ்க் ஒரு பக்கமாக ஒதுங்கினால் எண்ணெயைத் தொடாதீர்கள், காலிப்பரைச் சரிசெய்யுங்கள்.

பஞ்சர் ஒட்ட சைக்கிளைக் கவிழ்த்து வைத்தேன். நிமிர்த்தியதும் பிரேக்கே இல்லை!

லீவரின் மேல்பகுதியில் ஒரு சிறிய எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. அதில் கொஞ்சம் காற்று தங்கியிருந்தால், சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்வரை அது மேலேயே கிடக்கும், தொந்தரவு தராது. கவிழ்த்ததும் அது ஹோஸ் பக்கம் ஏறிவிடுகிறது. சைக்கிளை நிமிர்த்தி, லீவர்தான் பிரேக்கின் மிக உயரமான இடமாக இருக்கும்படி வைத்து, இருபது முப்பது முறை மெதுவாக அழுத்துங்கள். பிறகு லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பெரும்பாலும் காற்று தானே மேலே ஏறிவிடும்.

கவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் இப்படி ஆனால் தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று பொருள். அப்போது காற்று எடுத்தே ஆக வேண்டும். சாலையோரப் பஞ்சர் கடையில் கவிழ்ப்பதைத் தவிர்க்க முடியாது. ஏறி உட்காரும் முன் இரண்டு லீவரையும் அழுத்திப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சக்கரம் சுற்றும்போது "ஷிங்... ஷிங்..." என்று உரசுகிறது.

முதலில் சத்தத்தின் தாளத்தைக் கேளுங்கள். தொடர்ச்சியாக ஒரே சீராக உரசினால் காலிப்பர் மையத்தில் இல்லை. சுற்றுக்கு ஒரு முறை உரசினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் உரசினால் பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் பேரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது அச்சு சரியாக இறுகவில்லை. "டிங் டிங்" என்று மெல்லிய மணிபோல் கேட்டால் பேடுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்பிரிங் தகட்டின் கால் வளைந்து டிஸ்க்கைத் தொடுகிறது.

எதையும் கழற்றும் முன் ஒன்று செய்யுங்கள். சைக்கிளைத் தரையில் நிறுத்தி, சக்கரத்தின் அச்சைத் தளர்த்தி, மேலிருந்து எடையைக் கொடுத்துச் சக்கரம் அதன் பள்ளத்தில் முழுவதும் உட்காரும்படி செய்து, மறுபடி இறுக்குங்கள். சைக்கிளை வண்டியில் ஏற்றி இறக்கிய பிறகு வரும் உரசல் பல நேரம் இதிலேயே போய்விடுகிறது.

போகவில்லையா? காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளை 5 மி.மீ. அலன் கீயால் அரைச்சுற்று தளர்த்துங்கள். காலிப்பர் பக்கவாட்டில் அசைய வேண்டும். லீவரை நன்றாக அழுத்திப் பிடித்தபடியே போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் காலிப்பர் திரும்பிவிடும். இறுக்கத்தின் அளவு பொதுவாக 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். இதில் சரியாகவில்லை என்றால் லீவரை நம்பாமல் கண்ணை நம்புங்கள்: காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால் டிஸ்க்கின் இருபுறமும் உள்ள கீற்று வெளிச்சம் தெளிவாகத் தெரியும். இரண்டு கீற்றும் சமமாகும்வரை கையால் நகர்த்தி இறுக்குங்கள்.

வளைந்த டிஸ்க்கைச் சுத்தமான துணி சுற்றிய ஸ்க்ரூ ஸ்பேனரால் மெல்ல நிமிர்த்தலாம். வளைந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, வேண்டியதைவிடக் குறைவாகவே ஒவ்வொரு முறையும் வளையுங்கள். நீண்ட இறக்கத்தின் முடிவில் மட்டும் உரசி, ஆறியதும் தானே நிற்கும் உரசலை நிமிர்த்தப் போக வேண்டாம். அது சூட்டில் டிஸ்க் விரிவது.

ஒரு பக்கத்துப் பேட் மட்டும் நகர்கிறது, மற்றது அசையவே இல்லை.

பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்துச் சேறும் பேட் தூளும் பிஸ்டனின் விளிம்பில் படிந்து, சீல் அதன்மேல் வழுக்க முடியாமல் போவதுதான் காரணம். சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றுங்கள். நன்றாக நகரும் பிஸ்டனைப் பிளாஸ்டிக் டயர் லீவரால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பிரேக் லீவரை மிகக் கொஞ்சமாக அழுத்துங்கள். அடம்பிடிக்கும் பிஸ்டன் இரண்டு மூன்று மி.மீ. வெளியே வரட்டும். அதற்கு மேல் வந்தால் பிஸ்டன் கழன்று எண்ணெய் முழுவதும் கொட்டிவிடும். வெளியே தெரியும் ஓரத்தை ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, அந்தப் பிரேக்குக்கு உரிய எண்ணெயில் ஒரு துளியை ஓரத்தில் தடவி, நேராக உள்ளே தள்ளுங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் பிஸ்டன் இளகும். பேடுகளை மாட்டும் முன் எல்லா எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்தாதீர்கள். பல காலிப்பர்களில் பிஸ்டன் பீங்கான் வகையைச் சேர்ந்தது. ஓரம் சில்லு தெறித்துவிட்டால் காலிப்பரையே மாற்ற நேரும்.

பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்துகிறது. பிடிப்பும் குறைந்துவிட்டது.

இரண்டும் சேர்ந்து வந்தால் டிஸ்க்கிலோ பேடிலோ எண்ணெய்ப் பசை பட்டிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் பேடை மாற்றினால், அடுத்த வாரம் புதுப் பேடும் கத்தும்.

நம் ஊரில் நான் பார்க்கும் முதல் காரணம் வாட்டர் சர்வீஸ். மோட்டார் வாகனங்களோடு சேர்த்துச் சைக்கிளையும் கழுவக் கொடுத்தால், கடைசியில் பளபளப்புக்காக மேலெல்லாம் பாலிஷோ டீசலோ தெளித்துவிடுகிறார்கள். அன்போடு செய்யும் அந்த வேலை பிரேக்கைக் கெடுத்துவிடும். அடுத்தது, சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது தெறிப்பது. டபிள்யூ.டி.-40 போன்ற தெளிப்பான்களைச் சக்கரத்தின் அருகில் அடிப்பதும், எண்ணெய்க் கையோடு டிஸ்க்கைத் தொடுவதும் இதே ரகம். இவை எதுவும் இல்லை என்றால் காலிப்பரின் சீலே உள்ளிருந்து கசிகிறது. பேடைக் கழற்றி அதன் முதுகுத் தகட்டைப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் கசிவு உறுதி.

டிஸ்க்கைச் சுத்தம் செய்ய மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலே நல்லது. கைச் சுத்திகரிப்பான் வேண்டாம். அதில் கிளிசரின் சேர்ந்திருக்கும், அதுவே ஒரு பசைப் படலமாகத் தங்கிவிடும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அப்படித்தான்.

மழையில் நனைந்த முதல் சில நொடிகள் கத்திவிட்டு நின்றுவிட்டால் அது பழுது இல்லை. பிடிப்பு நன்றாக இருந்தும் கத்தினால், டிஸ்க் போல்ட்டுகளும் காலிப்பர் போல்ட்டுகளும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதிர்வும் சத்தமாகக் கேட்கும்.

எண்ணெய் பட்ட பேடை அடுப்பில் சுட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

லேசாகப் பட்டிருந்தால் மேல்தோலை உப்புத்தாளில் தேய்த்து எடுத்துப் பார்க்கலாம். ஊறிப்போன பேடைச் சுட்டால் அன்றைக்குப் பிடிக்கும், நாலு நாளில் உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வந்துவிடும். அந்தப் புகையும் சுவாசிக்கத் தக்கதல்ல. புதுப் பேட் வாங்குங்கள்.

புதுப் பேட் போட்டேன். பழையதைவிட மோசமாக இருக்கிறது.

பழக்காமல் ஓட்டியிருப்பீர்கள். புதுப் பேடின் ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கின் மேல் சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். வாகனம் இல்லாத சமதளச் சாலையில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம் வரை போய், ஒரு பிரேக்கை மட்டும் உறுதியாகப் பிடித்து நடை வேகத்துக்குக் குறையுங்கள். முழுவதும் நிறுத்தாதீர்கள், நின்ற இடத்தில் படலம் திட்டாகப் படிந்துவிடும். முன் பிரேக்குக்கு இருபது முறை, பின் பிரேக்குக்கு இருபது முறை. நடுவிலேயே பிடிப்பு ஏறுவது கைக்குத் தெரியும். புதுப் பேடை மாட்டிய கையோடு மலை இறங்கப் போகாதீர்கள்.

மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் பிரேக் ஆயிலை ஊற்றலாமா?

உங்கள் பிரேக் எதைக் கேட்கிறது என்று தெரியாமல் ஒரு துளிகூட ஊற்றாதீர்கள். மோட்டார் சைக்கிள் கடையில் இருப்பது டாட் (DOT) 3 அல்லது டாட் 4 என்ற வகை பிரேக் எண்ணெய். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகள் மினரல் ஆயிலில் இயங்குபவை. ஹோப் பிரேக்குகள் டாட் வகை. ஸ்ராமின் பல மாடல்கள் டாட் வகை; அதன் டிபி8, மேவன் போன்ற மாடல்கள் மினரல் ஆயில் வகை. ஒன்றுக்கு உரிய ரப்பர் சீல் மற்றதைத் தாங்காது, ஊறி உப்பிவிடும். அதன்பிறகு கழுவி மாற்றினாலும் சீல் பழைய நிலைக்கு வராது, பிரேக்கையே மாற்ற வேண்டியதுதான். எந்த எண்ணெய் என்று லீவரிலோ தொட்டியின் மூடியிலோ பெரும்பாலும் பொறித்திருப்பார்கள். ஷிமானோ எண்ணெய் சிவப்பு, மகுராவினுடையது நீலம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவுசெய்ய வேண்டாம்.

டாட் 5 என்ற பெயரில் கிடைப்பது சிலிக்கான் வகை. டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. எண் நெருக்கமாக இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு, புட்டியை நீங்களே படியுங்கள்.

டாட் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. திறந்து நாளான புட்டியைப் பயன்படுத்தக் கூடாது. மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஆனால் எப்படியோ தண்ணீர் புகுந்துவிட்டால் அது கலக்காமல் தாழ்வான இடத்தில், அதாவது சூடேறும் காலிப்பரிலேயே, தங்கும். எண்ணெய் கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

காற்று எடுப்பதை வீட்டிலேயே செய்ய முடியுமா?

பொறுமை இருந்தால் முடியும். புனல் வைக்கும் வகையை மட்டும் இங்கே சொல்கிறேன். இரண்டு சிரிஞ்ச் தேவைப்படும் வகைக்கு முறை வேறு.

சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றி அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஒரே ஒரு துளி தெறித்தாலும் பேட் வீண். பிஸ்டன்களை உள்ளே தள்ளி, நடுவில் பிளாஸ்டிக் கட்டையைச் செருகுங்கள். லீவரின் தொட்டி தரைக்குச் சமமாக இருக்கும்படி திருப்பி, மேல் திருகைக் கழற்றிப் புனலை மாட்டிக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். காலிப்பரில் எண்ணெய்க்கு வழிவிடும் சிறு திருகுமுனையான நிபிளில் எண்ணெய் நிறைந்த சிரிஞ்சை மாட்டி, 7 மி.மீ. ஸ்பேனரால் நிபிளை எட்டில் ஒரு பங்கு சுற்று திறந்து, எண்ணெயை மெதுவாக மேலே தள்ளுங்கள். காற்றுக்கு மேலே ஏறுவதுதான் இயல்பு. நாம் அதே திசையில் துணை போகிறோம். புனலில் குமிழி வருவது நின்றதும் நிபிளை மூடுங்கள்.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் மறுநாள் திரும்பி வருகிறார்கள். ஹோஸையும் காலிப்பரையும் ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே லீவரை அழுத்தி விடுங்கள். வளைவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு குமிழிகள் அப்போதுதான் பிரியும். லீவரைச் சற்று மேலும் கீழும் சாய்த்து மறுபடி அழுத்துங்கள். புனலில் ஒரு குமிழியும் வராமல் லீவர் இறுகும்வரை விடாதீர்கள். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பிறகு புனலை அடைப்பால் மூடிக் கழற்றி, தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்கும்போதே திருகைப் போடுங்கள். டாட் எண்ணெய் என்றால் கையுறை அவசியம். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பேடையும் டிஸ்க்கையும் எப்போது மாற்ற வேண்டும்?

ஷிமானோ பேடில் உராயும் பொருள் 0.5 மி.மீ. ஆகிவிட்டால் மாற்ற வேண்டும். நான் மலைக்குப் போகிறவர்களுக்கு 1 மி.மீ. இருக்கும்போதே மாற்றச் சொல்வேன். 1.8 மி.மீ. தடிமனுள்ள ஷிமானோ டிஸ்க் 1.5 மி.மீ. ஆனதும் மாற்ற வேண்டியது.

வாங்கும்போது டிஸ்க்கில் பொறித்திருப்பதைப் படியுங்கள். விலை குறைந்த பல டிஸ்க்குகளில் ரெசின் பேட் மட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதில் உலோகப் பேட் போட்டால் டிஸ்க் விரைவில் அரைபட்டுவிடும். ரெசின் பேட் சத்தமின்றி மென்மையாகப் பிடிக்கும், சேற்றில் சீக்கிரம் கரையும். உலோகப் பேட் மழையிலும் சேற்றிலும் நெடுநாள் உழைக்கும், சூட்டையும் தாங்கும், சற்று இரைச்சல் போடும்.

நீண்ட இறக்கத்தில் பாதியிலேயே பிரேக் விட்டுவிட்டது. ஏன்?

85 கிலோ எடை, அதாவது ஆளும் சைக்கிளும், 1,400 மீட்டர் கீழே இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்றெதிர்ப்பு ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மெதுவாக இறங்குகிறவருக்கு மிச்சமெல்லாம் இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகளில்தான் இறங்குகிறது.

விட்டுப்போவது இரண்டு விதம். லீவர் இறுக்கமாகவே இருந்து, கருகல் வாசனையோடு பிடிப்பு குறைந்தால் பேடின் மேற்பரப்பு சூட்டில் சோர்ந்துவிட்டது. லீவர் திடீரென்று கைப்பிடிவரை போய்விட்டால் எண்ணெயோ அதிலிருந்த ஈரமோ கொதித்து ஆவியாகிவிட்டது. இது அதிக ஆபத்து. இரண்டிலும் மற்ற பிரேக்கைக் கொண்டு உடனே நிறுத்தி, முழுவதும் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும். விரலும் வைக்காதீர்கள். ஆறியதும் லீவர் திரும்பிவிட்டாலும், கொதித்த எண்ணெயை மாற்றாமல் அடுத்த மலைக்குப் போக வேண்டாம்.

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே முதல் வளைவிலிருந்து கடைசி வளைவுவரை லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் பயந்தவர்கள் செய்வது. பிரேக்கை வேகவைப்பதும் அதுவே. வளைவுக்கு முன் நேர்ச் சாலையில் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு முழுவதும் விடுங்கள். விட்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் டிஸ்க் காற்றில் ஆறுகிறது. உடல் எடை அதிகம் உள்ளவர்கள் முன்பக்க டிஸ்க்கை 160 மி.மீ.யிலிருந்து 180 மி.மீ.க்கு மாற்றலாம், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பஸ்ஸில் சக்கரத்தைக் கழற்றி ஏற்றினேன். ஊர் போய்ச் சேர்ந்தபோது சக்கரம் உள்ளே போகவில்லை.

வழியில் மூட்டை ஏதோ லீவரை அழுத்தியிருக்கிறது. நடுவில் டிஸ்க் இல்லாததால் பேடுகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கிவிட்டன. தட்டையான பிளாஸ்டிக் டயர் லீவரைப் பேடுகளுக்கு நடுவே செருகி, இருபுறமும் மெல்ல நெம்பினால் பிஸ்டன்கள் உள்ளே போகும். பிறகு சக்கரத்தை மாட்டி லீவரைச் சில முறை அழுத்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கட்டையைச் செருகுங்கள். கட்டை இல்லையென்றால் தடித்த அட்டையை நான்காக மடித்து வைத்தாலும் போதும்.

பழைய வெளிநாட்டுச் சைக்கிள் வாங்கினேன். பிரேக் திடீரென்று தூக்கிப் போடுகிறது.

லீவர்கள் இடம் மாறியிருக்கும். நம் நாட்டுச் சைக்கிள்களில் வலக்கை முன் பிரேக். அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகளிலிருந்து வரும் பல சைக்கிள்களில் இடக்கைதான் முன் பிரேக். மோட்டார் சைக்கிளும் ஓட்டுகிறவர் என்றால் அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்கே போகும். பழுது ஏதும் இல்லை என்று அப்படியே விடாதீர்கள். ஹோஸ்களை மாற்றிப் பொருத்தும்போது நீளத்தைப் பார்த்து வெட்டி, இணைப்பில் உள்ள சிறு வளையத்தைப் புதிதாகப் போட்டு, காற்றும் எடுக்க வேண்டும். அதைச் செய்து முடிக்கும்வரை வீட்டு வாசலைச் சுற்றி மட்டும் ஓட்டுங்கள்.